ஓட்டை எண்ணிய மூன்று வருஷம்

ஓட்டை எண்ணுவதுதான் என் தொழில். சிரிக்க வேண்டாம், கணிதத்தில் இதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. ஒரு கூட்டம் புள்ளிகளைக் கொடுத்தால், பக்கத்துப் புள்ளிகளை முக்கோணம் முக்கோணமாக இணைத்து, வந்த உருவத்தில் எத்தனை ஓட்டை என்று கம்ப்யூட்டரைச் சொல்ல வைக்க வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கெப்பாலா பத்தாஸில் கணக்கு டீச்சராக இருந்த நான், மூன்று வருஷப் படிப்பு விடுப்பு வாங்கிக்கொண்டு பினாங்குத் தீவில் கெலுகோரில் இருக்கிற பல்கலைக்கழகத்துக்கு வந்தது இதற்காகத்தான். விடுப்பு முடிவதற்குள் புரோகிராம் ஓட வேண்டும், ஆய்வேடு கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பட்டமும் கிடையாது, ஆராய்ச்சியும் கிடையாது. பழையபடி இரண்டாம் படிவப் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லித்தரப் போக வேண்டியதுதான். ஆராய்ச்சி என்று போய் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் அவஸ்தை புரியும்.

சாப்பாட்டுக் கடையில்

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே காசிம் அண்ணன் கடை. வலை போல ஊற்றிச் சுடுகிற ரொட்டி ஜாலாவுக்குப் பேர் போனது. ஒரு நாள், "என்னதான்மா படிக்கிறே?" என்று கேட்டார். நான் உற்சாகமாக ஆரம்பித்துவிட்டேன். வடைக்கு ஒரு ஓட்டை, தோசைக்கு ஒன்றுமில்லை, உங்கள் ரொட்டி ஜாலாவுக்கு நூறு ஓட்டையாவது இருக்கும், அதை எண்ணுவதுதான் என் படிப்பு என்றேன்.

அவர் ஒரு ஜாலாவை நாலாக மடித்துத் தட்டில் வைத்து, "இப்ப எத்தனை?" என்றார். மடித்தாலும் சுருட்டினாலும் எண்ணிக்கை மாறாது, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கும் வரை என்று பெருமையாகச் சொன்னேன். மனுஷன் ஒரு கரண்டி கோழிக்குழம்பை அதன்மேல் ஊற்றினார்.

"ஒட்டிக்கிச்சு லா. இப்ப எண்ணு."

ஒரு பெட்டி காகிதம்

கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பு முனியாண்டி அண்ணன். நம் புரோகிராமை அவரிடம் கொடுத்தால் ஓடவிட்டு, விடையை அச்சடித்துத் தருவார். இரண்டாம் வருஷம் என் புரோகிராம் முதல் தடவையாக ஒழுங்காக ஓடியது. காலையில் தொடங்கி சாயங்காலம் வரை ஓடியதைப் பார்த்து, விடை மலை மலையாக வரப்போகிறது என்று அவர் புதுப் பெட்டி காகிதத்தைப் பிரித்துப் பிரிண்டரில் மாட்டிவிட்டார். வந்தது ஒரே எண். ஏழு. புள்ளிகளுக்கு நடுவே நான் விட்டிருந்த ஓட்டையும் அதே ஏழுதான். எனக்கோ சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, இதை நான் கையிலயே எழுதிக் குடுத்திருப்பேனே."

எல்லாமே வரிசை

விடுப்பில் நாலு மாதம் பாக்கி. என் மேற்பார்வையாளர் டாக்டர் நடராஜா, யாழ்ப்பாணத்துக் குடும்பம், அளந்துதான் பேசுவார். நிஜமான தரவில் ஓட்டிக் காட்டினால்தான் ஆய்வேட்டில் கையெழுத்து என்று சொல்லிவிட்டார். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியராக இருந்த குமரேசன், செம்பு பூசிய ஒரு மின்பலகையை மெஷினால் அளந்து, செம்பு இருக்கிற இடங்களையெல்லாம் புள்ளிகளாக டிஸ்கெட்டில் போட்டுக் கொண்டுவந்தார். செம்பு இல்லாத இடங்களை என் புரோகிராம் எண்ண வேண்டும்.

ஓடியது, ஓடியது, நிற்கவே இல்லை. மூன்றாம் நாள்தான் கோளாறு பிடிபட்டது. சதுரமாக நாலு புள்ளி இருந்தால், குறுக்கே இப்படியும் கோடு போடலாம், அப்படியும் போடலாம். என் புரோகிராம் இப்படிப் போட்டு, அழித்து, அப்படிப் போட்டு, மறுபடி அழித்துக்கொண்டிருந்தது. எங்கள் துறையில் எல்லாக் கட்டுரையும், புள்ளிகள் அப்படி ஒழுங்காக அமையாது என்று வைத்துக்கொள்வோம் என்றுதான் தொடங்கும். நானும் இரண்டரை வருஷம் தாறுமாறாகச் சிதறிய புள்ளிகளைத்தான் போட்டுப் பார்த்திருக்கிறேன். குமரேசனிடம், கொஞ்சம் ஒழுங்கில்லாமல் அளந்து தரமுடியுமா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"மெஷின் வரிசையாதான் போகும் அக்கா. கண்டபடி போனா அதுக்குப் பேரு ரிப்பேர்."

நீங்க போங்க

விடுப்பை நீட்டிக் கேட்கலாம் என்று கெப்பாலா பத்தாஸில் ஓர் அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். நம்பர் சீட்டு வாங்கி உட்கார்ந்தேன். அன்றைக்கு நம்பர் காட்டுகிற பலகை வேலை செய்யவில்லை. கவுண்டர் காலியானதும் நானும் ஒரு மலாய்க்கார அக்காவும் சேர்ந்தாற்போல் எழுந்தோம். அவர் என்னைப் போகச் சொன்னார், நான் அவரைப் போகச் சொன்னேன். அவர் ஒரு அடி வைத்துப் பின்வாங்கினார், நானும் அப்படியே. இரண்டு பேருக்கும் மரியாதை தாங்கவில்லை. உள்ளே இருந்த கிளார்க் சரஸ்வதிக்குப் பொறுமை போய்விட்டது. மலாயில் ஒரு தடவை, எனக்காகத் தமிழில் ஒரு தடவை சத்தம் போட்டார். விடுப்பு நீட்ட முடியாது என்று பிறகு கையை விரித்ததும் அதே அம்மாதான். ஆனால் நான் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். புள்ளிக்கெல்லாம் நம்பர் கொடுத்துவிட்டால், இழுபறி வரும்போது சின்ன நம்பரிலிருந்து கோடு போட்டுவிடலாம். சண்டை அதோடு தீர்ந்தது.

அவர் போட்ட சத்தம் இதுதான்: "சின்ன நம்பர் முதல்ல வா லா, இதுல என்ன யோசனை?"

பதிமூன்று

திருத்தி எழுதப் பத்து வாரம். டாக்டர் நடராஜாவும் குமரேசனும் பக்கத்தில் நிற்க, டிஸ்கெட்டைப் போட்டேன். மத்தியானத்துக்குள் நின்றது. விடை பதிமூன்று. குமரேசன் கையிலிருந்த வரைபடத்திலோ பன்னிரண்டு. அடுத்த மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது, இன்னொரு தடவை திருத்த நாளில்லை. டாக்டர் நடராஜா, பதிமூன்றாவது எங்கே என்று திரையில் காட்டச் சொன்னார். காட்டினேன். குமரேசன் பையிலிருந்து பலகையை எடுத்து, அதே இடத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை டாக்டரிடம் நீட்டினார். செம்புப் பூச்சில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. தொழிற்சாலையில் ஒருவர் கண்ணிலும் படாதது. டாக்டர் பார்த்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"திங்கட்கிழமை பைண்டிங்குக்குக் குடும் பிள்ளை. அந்த டிஸ்கெட்டை மட்டும் இவரிட்டத் திருப்பிக் குடுத்திடாதேயும், பதிமூண்டுக்கு அதுதான் சாட்சி."

இருப்பதைக் காட்டிப் பட்டம் வாங்குகிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர். இல்லாததில் ஒன்றைக் கூடுதலாக எண்ணிக் காட்டி டாக்டரானவர்கள் ஓட்டை எண்ணுகிற நம் ஜாதி மட்டும்தான்.