தலைப்பில் வார்த்த பால்

வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழில் பெயர்த்து ஒரு நாளிதழின் இணையதளத்துக்கு அனுப்புவது என் வேலை. கள்ளக்குறிச்சியில் வீட்டிலிருந்தபடியே செய்கிறேன். போர் தொடங்கியதிலிருந்து பால் என்ற சொல் ஆங்கிலச் செய்திகளில் அடிக்கடி எதிர்ப்பட்டது. ஆபத்தில்லாமல் குண்டு போட்டுத் திரும்புவதை, வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டு வரும் நடை என்று விமானிகள் சொன்னார்கள். நான் 'எளிதான பயணம்' என்று எழுதினேன். போரில் லாபம் பார்த்தவர்கள் 'கறந்தார்கள்' என்றிருந்தது. அது தமிழிலும் பொருந்தியது. இறந்த குழந்தைகளைப் பற்றி வரும்போதெல்லாம் 'பால்மணம் மாறாத' என்று நானாகவே சேர்த்துக்கொள்வேன். வயிற்றில் பிள்ளையோடு இதையெல்லாம் தட்டச்சு செய்தபோது எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை.

மகள் ஊரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். இரண்டு நாளாகியும் எனக்குப் பால் சுரக்கவில்லை. காய்ச்சல் வேறு. மழை விடாமல் பெய்தது. ஜன்னலுக்கு வெளியே மரங்கள் தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தன. கண்ணை மூடினால் கட்டில் மெல்ல மிதந்தது. குழந்தையின் அழுகை ஏதோ ஆற்றின் அக்கரையிலிருந்து கேட்டது. கண்ணைத் திறந்தால் அவள் என் கைக்குள்தான் அழுதுகொண்டிருந்தாள்.

நர்ஸ் பால் பவுடர் எழுதித் தந்தார். என் கணவர் மழையோடு மருந்துக் கடைக்கு ஓடினார். பக்கத்துக் கட்டிலில் கல்வராயன் மலையிலிருந்து வந்த பெண் இருந்தாள். அவளுக்கு இரண்டாவது பிரசவம். மகனைத் தூங்கவைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க குடுங்கக்கா. எனக்கு ஜாஸ்தியாத்தான் இருக்குது. கட்டிக்கினு வலிக்குது."

உடனே கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். தயங்கினேன். அப்புறம் கொடுத்தேன். அழுகை நின்றதும் மழைச் சத்தம் அறைக்குள் வந்து நிறைந்தது. கணவர் டின்னோடு திரும்பியபோது குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்ததாம். நானும் தூங்கிவிட்டிருந்தேன்.

மறுநாள் காலை அலுவலகத்திலிருந்து செய்தி ஆசிரியர் அழைத்தார். "விடுப்புல தொந்தரவு பண்றேன். ஒரு நாள் போர்நிறுத்தம் அறிவிச்சிருக்காங்க. தலைப்பு மட்டும் சொல்லிடுங்கம்மா."

யோசிக்கவே இல்லை. "மக்கள் வயிற்றில் பால் வார்த்த போர்நிறுத்தம்" என்றேன். அவருக்குப் பிடித்துவிட்டது.

அந்த நேரமும் மகள் பக்கத்துக் கட்டிலில்தான் குடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கக்கா சண்டை?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

சொன்னேன். சுற்றி வளைக்கப்பட்ட ஊர். சாப்பாடில்லாமல் தாய்மார்களுக்குப் பால் வற்றிவிட்டது. பால் மாவு ஏற்றிய லாரிகளை எல்லையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

"இப்ப வுட்டுட்டாங்களா வண்டிய?"

"இல்லம்மா. இன்னும் அங்கயேதான் நிக்குது."

"வயித்துல பால் வாத்தாங்கன்னு சொன்னீங்களே?"

"அது சும்மா ஒரு பேச்சுக்கு. நிம்மதின்னு அர்த்தம்."

அவள் என் மகளின் தலையைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டாள். "அப்ப நிம்மதின்னே போட்டுக்கலாம் இல்லக்கா?"

குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆசிரியரைத் திரும்ப அழைத்து, 'ஒரு நாள் போர்நிறுத்தம்; பால் மாவு லாரிகள் எல்லையிலேயே' என்று மாற்றச் சொன்னேன்.

"முன்னது நல்லா இருந்துச்சேம்மா."

"நல்லாத்தான் இருந்துச்சு. மாத்திடுங்க."

மாற்றினார். மறுநாளே சண்டை மறுபடி தொடங்கியதைக் கைபேசியில் பார்த்தேன். அவளிடம் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் விடியலில் ஏதோ வெதுவெதுப்பான தண்ணீரில் நடப்பதுபோல் கனவு. விழித்தபோது ரவிக்கை நனைந்திருந்தது. மகளை எடுத்து அணைத்துக்கொண்டேன். தடுமாறி, தேடி, பிடித்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

அன்று மதியமே அவளை அழைத்துப்போக வீட்டுக்காரர் வந்துவிட்டார். மலைக்குப் போகும் வெள்ளிமலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மகனைத் துணியில் சுற்றி அவரிடம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள். என் மகளின் உச்சந்தலையைக் குனிந்து முகர்ந்தாள்.

"இவ பசி தாங்க மாட்டாக்கா," என்றாள். "அழவுடாதீங்க."