பாஸ்வேர்டுக்குச் சந்தனம்

என் மனைவியின் பாஸ்வேர்டுகள் அவள் போனில், ஒரு ஆப்பில், சௌக்கியமாகத்தான் இருந்தன. அவற்றை அங்கிருந்து கிளப்பி நட்டாற்றில் விட்டவன் நான்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அவள் வீணை சொல்லித்தருகிறாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. டீச்சரின் பாடங்களை, வீணையும் குரலும் நடுநடுவே திட்டும் இருமலுமாக, போனில் பதிவு செய்து இணையத்தில் ஒரு கணக்கில் சேர்த்து வைத்திருந்தாள். வேறு பிரதி கிடையாது. ஒவ்வொரு விஜயதசமி காலையிலும் அதில் ஒரு பாடத்தைக் கேட்டுவிட்டுத்தான் வீணையைத் தொடுவாள். அன்று குருவிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். குரு இல்லையென்றால் குரலாவது.

எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது. ஆனால் அதைப் பற்றி நிறையப் படிப்பேன். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில்தான் என் குடும்பம் வசிக்கிறது. போன வருஷம் கோட்டூர்புரம் நூலகத்தின் குளிரில் உட்கார்ந்து படித்த ஏதோ ஒரு கட்டுரை என்னைப் பிடித்துக்கொண்டது. ஆப் என்பது நம் வீட்டுச் சாவியை முகம் தெரியாத ஒருவர் வீட்டு ஆணியில் மாட்டுவது போல என்று எனக்கு விளங்கியது. தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கிறதாம். பாஸ்வேர்டுகளை அதற்குள் போட்டுவிட்டால் இணையத்தோடு ஒட்டுமில்லை, உறவுமில்லை. உடனே வாங்கினேன்.

அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏன்னா, இது தொலைஞ்சு போனா?"

நான் தொலைக்க மாட்டேன் என்றேன்.

"காலம்பறலேர்ந்து மூக்குக்கண்ணாடியைத் தேடிண்டிருக்கேள்."

அவள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. போன் தொலைந்தால் வேறு போனில் ஆப்பைத் திறந்துகொள்ளலாம்; ஒரு பெரிய பாஸ்வேர்டு ஞாபகம் இருந்தால் போதும். நான் அந்த வசதியையே ஆபத்து என்று வாதாடினேன். எதிலிருந்தும் திறக்கலாம் என்றால் எவனும் திறக்கலாம் என்று அர்த்தம் என்றேன். முப்பது வருஷம் தாளத்தோடு வாழ்ந்தவளுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். நிறுத்திவிட்டாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதன்பிறகு நான் செய்ததெல்லாம் சுத்தமான வேலை. எல்லாப் பாஸ்வேர்டுகளையும் வாயில் நுழையாதபடி மாற்றினேன். எல்லாச் சாதனங்களிலிருந்தும் கணக்குகளை வெளியேற்றினேன். ஆப்பைக் காலிசெய்து அழித்தேன். இன்னொரு கருவி வாங்கி அதில் ஒரு பிரதி வைக்கச் சொல்லிக் கையேடு கெஞ்சியது. அது வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கினேன். பாஸ்வேர்டு தொலைந்தால் வீணைக் கணக்கை மீட்பதற்காகக் கொடுத்திருந்த போன் எண், நான் எப்போதோ கைவிட்ட என் பழைய எண் என்பதைக் கவனிக்கவே இல்லை.

சரஸ்வதி பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்று வீணை, புத்தகம், லேப்டாப், அரிவாள்மணை, மிக்ஸி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. பொட்டு வைக்கும் பொறுப்பு என்னுடையது. எனக்குப் பக்தி கொஞ்சம் கம்மி, கை தாராளம். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடக்கூடாது. அடுக்கின் உச்சியில் அந்தக் கருவியையும் வைத்தேன். இந்த வீட்டின் அத்தனை வித்தையும் இதற்குள்தானே இருக்கிறது என்று ஒரு நகைச்சுவை வேறு. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை அதன் விளிம்பில் அப்பினேன். சார்ஜர் சொருகும் துவாரம் அங்கேதான் இருந்தது.

காலையில் அவள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து வீணை முன் உட்கார்ந்தாள். நான் கருவியை எடுத்தேன். உயிர் இல்லை. துவாரத்தில் அடைத்திருந்த சந்தனத்தை ஒரு ஊக்கால் நோண்டினேன். உள்ளே ஈரம் இருக்குமென்று தோன்றாமல் சார்ஜரைச் சொருகினேன். சின்னதாக ஒரு வாடை வந்தது. சந்தன வாடை அல்ல.

அவள் கொஞ்சநேரம் காத்திருந்தாள். பிறகு எந்தப் பாடத்தையும் கேட்காமலே வாசிக்க ஆரம்பித்தாள்.

தி.நகரில், ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நீந்தி, ரிப்பேர் கடை ஒன்றில் அதை நீட்டினேன். கடைக்காரர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "இன்னா சார், அபிஷேகமே பண்ணிக்கீறே." போர்டு போய்விட்டது, சிப்பை எடுத்து வேறொன்றில் வைத்தாலும் திறக்காது, திறக்க முடியாதபடிதான் செய்திருக்கிறார்கள் என்றார். திருடனிடமிருந்து காப்பாற்றும் என்று நான் நம்பி வாங்கிய பொருள், சொன்ன வேலையைச் சரியாகச் செய்திருந்தது.

பழைய எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. அழைத்து விஷயத்தைச் சொல்லி, ஒரு ஓடிபி வரும், அதைப் படித்துச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் என்னை மோசடிப் பேர்வழி என்று முடிவு செய்து போனை வைத்துவிட்டார். அவருடைய இடத்தில் நானும் அதையேதான் செய்திருப்பேன். கணக்கை நடத்தும் நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டோம். நீங்கள்தான் நீங்கள் என்று உறுதிசெய்ய முடியவில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவள், கருவி பழுதாகிவிட்டது என்று மட்டும் சொல்கிறாள். யார் பழுதாக்கியது என்று சொல்வதில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிக் கொஞ்சம் ஆறுதல் அடைந்திருப்பேன்.

டீச்சரிடம் அவளோடு படித்த சிநேகிதி ஆதம்பாக்கத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது இங்கே வருகிறாள். இரண்டு பேருமாகப் பாடங்களை ஞாபகத்திலிருந்து எடுத்து வாசித்துப் புதிதாகப் பதிவு செய்கிறார்கள். பதிவு எங்கே போகிறது, அதன் பாஸ்வேர்டு என்ன என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. காபி என் இலாகா.

சண்டைக்கும் குறைவில்லை. "டீச்சர் அந்த ஸ்வரத்தை இழுக்க மாட்டாடி, வெட்டுவா," என்கிறாள் சிநேகிதி.

"உனக்கு வெட்டினா. எனக்கு இழுத்தா. உன் அவசரத்துக்கு வெட்டிக் குடுத்திருப்பா."

யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லக்கூடிய ஒரே குரல் என்னால் பூட்டிக் கிடக்கிறது. அவர்களுக்கு அது தெரியும். சிரித்துக்கொண்டு இரண்டு விதமாகவும் பதிவு செய்துவிடுகிறார்கள்.

போன ஞாயிறு நான் டபராக்களோடு உள்ளே போனபோது ஒரு வர்ணத்தின் கடைசி ஸ்வரங்களில் இருந்தார்கள். ஒரு இடத்தில் இரண்டு வீணைகளும் ஒன்றாக நின்றன. மறுபடி முன்னாலிருந்து வந்தார்கள். அதே இடத்தில் நின்றார்கள்.

"இங்க என்ன வரும்?" என்றாள் என் மனைவி.

சிநேகிதி தலையை ஆட்டினாள்.

இரண்டு பேரும் தந்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.