கேட்டிலிருந்து எண்ணியவர்

கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. புனேயில் தமிழில் எழுதுகிற வேலையும் எனக்கு வந்ததில்லை.

பிம்ப்ரியில் ஒரு மருந்துக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஹெல்பராக இருக்கிறேன். அங்கே ஒரு பழைய ஜிபிஎஸ் கடிகாரம். மாடியில் உள்ள ஆன்டெனா வழியாக செயற்கைக்கோளிடம் நேரம் வாங்கி, மருந்துக்குத் தேதி போட்டு பேட்ச் சீட்டு அச்சடிக்கும் மெஷின்களுக்குக் கொடுக்கும். ஒரு காலையில் அது தேதியை ஏறக்குறைய இருபது வருஷம் பின்னால் காட்டியது. மணி சரி, கிழமையும் சரி. அதனால் யாரும் கவனிக்கவில்லை. சீட்டைக் கிழிக்கிறவன் நான்தான், பார்த்தேன். அதிகாரியிடம் போய்ச் சொல்ல அரை நாள் ஆயிற்று எனக்கு.

செயற்கைக்கோள் வாரங்களை எண்ணுகிறதாம். ஆயிரத்து இருபத்து நாலு ஆனதும் மறுபடி பூஜ்யமாம். பழைய மெஷினுக்கு அது தெரியாது என்றார் இன்ஜினியர். கையால் தேதியை மாற்றினால் ஆன்டெனா சில நிமிஷத்தில் பழையபடி ஆக்கிவிடும். கடைசியில் ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்டார்கள். அது இல்லாமல் கடிகாரம் தினமும் சில நொடி விலகும். புதுக் கடிகாரம் வரும்வரை தினமும் காலை ஏழு மணிக்கு நான் நேரம் வைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும்.

உள்ளே மொபைல் கொண்டுபோகக் கூடாது. கேட் வாட்ச்மேனை இன்டர்காமில் கூப்பிடுவேன். அவர் தன் மொபைலைப் பார்த்து மராத்தியில் எண்ணுவார். "பாச், சார், தீன், தோன், ஏக், தாப்." தாப் என்றால் அழுத்து. அதைக் கேட்டதும் பொத்தானை அழுத்துவேன்.

உடனே போனை வைக்க மாட்டார். இந்தியில் பேச்சுக் கொடுப்பார்.

"அண்ணா, நாஷ்டா ஆச்சா?"

"ஆச்சு. அவல் போஹா."

"தினமும் போஹாவா? நீ மதராஸி இல்ல, மராத்திக்காரன் ஆயிட்ட."

தாபோடியில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறேன். பல நாள் நான் பேசியது அவ்வளவுதான். நாலு மாசம் இப்படிப் போயிற்று.

போன மாசம் புதுக் கடிகாரம் மாட்டினார்கள். தேதி சரியாக நின்றது. இனி உனக்கு ஞாயிறு லீவு என்றார் அதிகாரி.

மறுநாள் ஏழு மணிக்கு இன்டர்காமை எடுத்துவிட்டேன்.

"சொல்லு அண்ணா."

"கடிகாரம் சரியா ஓடுது."

"அப்புறம் எதுக்கு போன்?"

விளையாட்டாகத்தான் கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன். அதன்பிறகு கூப்பிடவில்லை. சாயங்காலம் கேட்டில் அவர் இருந்தாலும் கூட்டம். டோக்கனைக் கொடுத்து மொபைலை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

இன்று ஏழு மணிக்கு எழுத உட்கார்ந்தேன்.

ஞாயிறு, 12 மார்ச் 2023.