ஞானஜோதியின் சாயங்கால வண்டி

கிழக்குத் தாம்பரத்தில் ஞானஜோதி சிரித்தால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். அப்படிச் சிரிக்கிறவள் பத்து வருஷமாக ஒரே ஒரு புலம்பலை விடாமல் புலம்பினாள் என்றால் அது ரயிலைப் பற்றித்தான். பீச் ஸ்டேஷன் பக்கத்துத் தபாலாபீசில் அவளுக்குக் கவுண்ட்டர் வேலை. காலையில் இரண்டு பிள்ளைகளுக்கும் தலைவாரி விட்டு, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த கணவர் ஜெபசீலனுக்குச் சாப்பாடு கட்டி, மாமனார் அசரியாவுக்குக் கஞ்சியும் மாத்திரையும் எடுத்து வைத்துவிட்டு, புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு எட்டுப் பத்து வண்டிக்கு ஓடுவாள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

"இந்த ஓட்டம் ஒரு நாள் என் உயிரை வாங்கப் போவுது, பாருங்க" என்று ராத்திரி சாப்பாட்டில் கணவரிடம் சொல்லுவாள்.

ஜெபசீலன் நல்ல மனுஷர். பெண்டாட்டி சொன்னதை அப்படியே நம்புகிறவர். அப்படி ஒரு புருஷன் அமைவது பெரிய கொடுப்பினைதான். ஆனால் சொன்னதற்கு மேல் மனதில் வேறொன்றும் இருக்காது என்று நினைத்துக்கொள்கிறவர்களாலும் சில சங்கடங்கள் வரும். அவர் யார் யாரையோ பிடித்து, எங்கெங்கோ காத்துக் கிடந்து, அவளுக்கு வீட்டுப் பக்கமே மாற்றல் கேட்டார். ஞானஜோதி தன் பங்குக்குச் சபையில் சொல்லி வைத்தாள். வாராவாரம் ஜெபக் கூட்டத்தில் அவளுடைய மாற்றலுக்காகப் பெண்கள் எல்லாரும் முழங்காலில் நின்றார்கள்.

எழுபத்திரண்டாம் வருஷம் ஜூன் மாதம் மாற்றல் வந்தேவிட்டது. வீட்டிலிருந்து பொடிநடையாகப் போய்விடுகிற தூரத்தில் ஒரு சின்னத் தபாலாபீஸ். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் சபைக்கு முன்னால் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். பத்து வருஷக் கஷ்டத்திலிருந்து ஆண்டவர் தன்னை விடுவித்துவிட்டார் என்றாள். ஸ்தோத்திரக் காணிக்கையை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தாள். முன் பெஞ்சில் இருந்தவர்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மனதாரத்தான் சொன்னாள்.

சாட்சியில் சொல்ல விட்டுப்போனது ஒன்று இருந்தது. விட்டுப்போனது என்று அப்போது அவளுக்கே தெரியாது. ஓட்டமும் படபடப்பும் ரயில் படியில் கால் வைக்கிற வரைக்கும்தான். வண்டி தாம்பரத்தில் புறப்படுகிற வண்டி. அதனால் பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் அவளுக்கு நிச்சயம். குரோம்பேட்டையில் டைப்பிஸ்ட் சாவித்ரி ஏறுவாள். பல்லாவரத்தில் ஆஸ்பத்திரி ஆயா சுந்தரவல்லி ஏறுவாள், ஏறும்போதே யாரையாவது திட்டிக்கொண்டு ஏறுவாள். ஞானஜோதி ஒயர் கூடை பின்னுவாள். மீனம்பாக்கம் பக்கம் வெட்டவெளி வரும்போது பின்னலையும் நிறுத்திவிட்டு வெளியே பார்ப்பாள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் உப்பு எங்கே என்று வீட்டிலிருந்து யாரும் கேட்க முடியாது. தபால்தலை கொடு என்று ஆபீசிலிருந்தும் யாரும் கேட்க முடியாது. ரயிலைத் திட்டித் திட்டியே அவள் அந்த ரயிலில் இளைப்பாறிக்கொண்டிருந்தாள்.

கடைசி நாளன்று பாதி பின்னிய பச்சை ஒயர் கூடையைச் சாவித்ரியிடம் கொடுத்து, "நீயே முடிச்சுக்க, எனக்கு இனிமே எதுக்கு?" என்று சிரித்துவிட்டு வந்தாள்.

புது ஆபீசில் ஓட்டமே இல்லை. நடந்து போனாள், நடந்து வந்தாள். ஆனால் 'பக்கத்துலதானே' என்று ஒரு சொல் அவளைப் பிடித்துக்கொண்டது. ஜோதி பக்கத்துலதானே இருக்கா, சாவியை அவகிட்டக் கொடுத்துட்டுப் போ. ஜோதி பக்கத்துலதானே, ஞாயிறு பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கட்டும். கவுண்ட்டருக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் தெரிந்த முகம். ஸ்டாம்பு வாங்கின கையோடு மருமகள் சண்டையையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் நகர்வார்கள். பத்து வருஷமாக மத்தியானத்தில் தானே போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமனாருக்கும், மருமகள் இத்தனை கிட்டத்தில் இருக்கிறாளே என்று, ஒரு வாய் சூடான ரசத்தின் மேல் ஆசை வந்தது. இடைவேளையில் வீட்டுக்கு வந்து ரசம் வைத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் ஆபீஸ் கதவைப் பூட்டின கை ஆறுவதற்குள் வீட்டு அடுப்பு வந்துவிடும்.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? கெட்டவர்கள் ஒருவரும் இல்லை. கேட்டதெல்லாம் சின்னச் சின்ன உதவி. பாறாங்கல்லைத் தலையில் வைத்தால் இறக்கி வை என்று கத்தலாம். ஒவ்வொரு அரிசியாகப் போட்டுக்கொண்டே இருந்தால் எந்த அரிசிக்குக் கத்துவது?

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஞானஜோதிக்குத் தாடை வலிக்க ஆரம்பித்தது. முதலில் காதோரம் ஒரு சுளுக்கு போல இருந்தது. பிறகு வாயைத் திறப்பதே பெரும்பாடாகிவிட்டது. கிராம்புத் தைலம் தடவினாள், உப்பு ஒத்தடம் கொடுத்தாள். கிறிஸ்துமஸுக்குச் சுட்ட முறுக்கைப் பிள்ளைகள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சபைப் பாடகர் குழுவில் உதட்டை மட்டும் அசைத்தாள். சிரிப்பு எப்போது நின்றது என்று வீட்டில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நாலு வீடு தள்ளி இருந்தவர்கள்தான், "என்ன, ஜோதி ஊர்ல இல்லையா?" என்று கேட்டார்கள்.

தனக்கு என்னவோ சரியில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் யாரிடம் சொல்வது? ஆண்டவரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கிய காரியம். ஊரே முழங்காலில் நின்று வாங்கிக் கொடுத்தது. சபை நடுவில் எழுந்து நின்று நன்றி வேறு சொல்லியாகிவிட்டது. இப்போது இது எனக்குச் சுகப்படவில்லை என்றால், நீட்டின கையைத் தட்டிவிட்ட மாதிரி ஆகாதா? பாவி, உனக்கு என்னதான் வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

ஜனவரியில் ஜெபசீலன் அவளைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் டார்ச் அடித்து வெகு நேரம் பார்த்தார்.

"கடவாய்ப்பல் எல்லாம் தேஞ்சு கெடக்கே. தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களாம்மா?"

"இல்ல டாக்டர்" என்றாள் ஞானஜோதி.

"கடிக்கிறா சார்" என்றார் ஜெபசீலன். "நறநறன்னு. எனக்கே முழிப்பு வந்துடும்."

"எவ்வளவு நாளா?"

"ஜூன்லேருந்து..." என்று தொடங்கிய ஜெபசீலன் பாதியில் நிறுத்திக்கொண்டார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது போல இருந்தது அவர் முகம்.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே பேசினார். "மனசுக்கு வர்ற நெருக்கடி ஒரே மாதிரி இருக்காது சார். ரயிலைப் பிடிக்க ஓடுறோம், படபடன்னு அடிச்சுக்குது. ஏறி உக்காந்தா அடங்கிடுது. அது ஒரு வகை. இன்னொண்ணுல ஓட்டமே கிடையாது, ஆனா உக்காரவும் இடம் இருக்காது. அதை வெளியில சொல்ல முடியலேன்னா உடம்பு எங்கயாவது வெச்சுக்கும். சிலருக்கு வயித்துல, சிலருக்குக் கழுத்துல. இவங்களுக்குத் தாடையில. பல்லுக்கு மேல போட்டுக்க ஒரு உறை செய்யணும். பட்டணத்துல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க."

ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டு ஞானஜோதி எட்டுப் பத்து வண்டியில் ஏறினாள். ஓடித்தான் ஏறினாள், பழக்கதோஷம். பல்லாவரம் வந்ததும் சுந்தரவல்லி கண்டுபிடித்துவிட்டாள்.

"இன்னாக்கா, பாதியா பூட்டே? வூட்டாண்ட ஆபீஸ் கெட்ச்சுதே, நல்லா துன்னு துன்னுட்டு குண்டா இருப்பேன்னு பாத்தா!"

"அவளுக்கென்னடி குறை, கொடுத்து வெச்சவ" என்றாள் சாவித்ரி. சொல்லிவிட்டு ஞானஜோதியின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு பைக்குள்ளிருந்து அந்தப் பச்சைக் கூடையை எடுத்து அவள் மடியில் வைத்தாள். "என் முடிச்சு உன் முடிச்சோட சேர மாட்டேங்கறது. நீயே பின்னிக் கொடு."

ஞானஜோதி பின்னினாள். ஆஸ்பத்திரிக்கு இறங்க வேண்டிய பார்க் ஸ்டேஷன் வந்தது. சுந்தரவல்லி இறங்கினாள். ஞானஜோதி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்தே இருந்தாள். பீச்சில் சாவித்ரியும் இறங்கிப் போனாள். பெட்டி காலியானது. அதே வண்டி திரும்பித் தாம்பரத்துக்குக் கிளம்பியபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. எழும்பூர் தாண்டியதும் தூங்கிப்போனாள்.

தாம்பரத்தில் கீரைக்காரம்மா ஒருத்தி தோளைத் தட்டி எழுப்பினாள். வாய் ஆவென்று திறந்து, புடவைத் தலைப்பெல்லாம் எச்சில். ஞானஜோதி துடைத்துக்கொண்டு எழுந்தாள். வலி வந்த பிறகு முதல் தடவையாக வாய் வலியில்லாமல் திறந்திருக்கிறது என்பது பிளாட்பாரத்தில் இறங்கிய பிறகுதான் உறைத்தது.

சாயங்காலம், "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டார் ஜெபசீலன்.

"டாக்டர்கிட்டப் போகலைங்க."

"பின்னே?"

"ரயில்ல போனேன். ரயில்லயே வந்துட்டேன்." அதற்குமேல் அடக்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். "எனக்குன்னு ஒரு மணி நேரம் இருந்துச்சுங்க. அது இருந்ததே எனக்குத் தெரியல. அதை வேணாம்னு சொல்லி மாத்தல் கேட்டு வாங்கிட்டேன். சபைக்கு முன்னாடி நன்றியும் சொல்லிட்டேன். இப்ப எந்த முகத்தோட ஆண்டவர்கிட்டப் போய் நிப்பேன்?"

அவளுக்காக அலைந்த அலைச்சல் எல்லாம் ஜெபசீலன் கண்முன் வந்திருக்க வேண்டும். சாய்வு நாற்காலியிலிருந்து மாமனார்தான் பேசினார். முப்பது வருஷம் சபையில் வேதம் சொல்லிக் கொடுக்கிற உபதேசியாராக இருந்தவர்.

"நீ கேட்டே, அவர் கொடுத்தாரு. சரிப்படலேன்னா சரிப்படலேன்னு சொல்லும்மா. கோவிச்சுக்கிட்டுப் போறதுக்கு அவரு என்ன, சம்பந்தி வீட்டுக்காரரா?" பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ரசம் எனக்கே சுட வெச்சுக்கத் தெரியும்மா. நீ பக்கத்துல இருக்கியேன்னு செல்லம் கொஞ்சிட்டேன்."

கேட்டு வாங்கிய மாற்றலைத் திருப்பிக் கொடுப்பது சர்க்காரில் அத்தனை சுலபமில்லை. ஜெபசீலன் விசாரித்துப் பார்த்துக் கையை விரித்துவிட்டார். ஆனால் கணக்கு வாத்தியார் ஒரு வழியில் விடை வராவிட்டால் இன்னொரு வழியில் போட்டுப் பார்க்காமல் விடுவாரா? மாதம் பிறந்ததும் அவளுடைய டிபன் டப்பா மேல் ஒரு சீசன் டிக்கெட் இருந்தது. தாம்பரம் டு சைதாப்பேட்டை.

"சைதாப்பேட்டையில எனக்கு என்ன வேலை?"

"ஒரு வேலையும் கிடையாது. அதுக்குத்தான்" என்றார். "ஆபீஸ் முடிஞ்சதும் வண்டி ஏறு. சைதாப்பேட்டையில இறங்கி நில்லு. சாவித்ரி அம்மா வர்ற வண்டி பின்னாலயே வரும். அதுல ஏறி வீட்டுக்கு வா. சோறு நான் வடிச்சு வைக்கிறேன்."

அப்படித்தான் நடந்தது. ஊரெல்லாம் பட்டணத்துக்குப் போய் வேலை பார்த்துவிட்டு வீடு திரும்பும். ஞானஜோதி வீடு திரும்புவதற்கென்றே பட்டணம் போனாள். முதல் மாதம் ஜெபசீலன் வடித்தது சோறா கூழா என்று பிள்ளைகள் சண்டை போட்டார்கள். பச்சைக் கூடை முடிந்து, சிவப்புக் கூடை முடிந்து, சுந்தரவல்லிக்கும் ஒன்று ஆயிற்று. பல் உறை செய்யவே இல்லை. தூக்கத்தில் அந்த நறநற சத்தம் எப்போதாவது கேட்டால், மறுநாள் சாயங்காலம் சாவி, கீவி கொடுக்க வருகிறவர்களை ஜெபசீலனே வாசலில் நின்று திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்த வருஷம், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையில் குருவானவர் காணிக்கைக் கவர்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். பிறந்தநாளுக்கு, பரீட்சையில் தேறியதற்கு, சுகம் பெற்றதற்கு. நடுவில் ஒன்று வந்தது: "ரயில் பிரயாணத்திற்காக ஸ்தோத்திரம், சகோதரி ஞானஜோதி."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரத்தினபாய் அம்மாள் குனிந்து மெல்லக் கேட்டாள். "எங்கட்டி பிரயாணம்? சொல்லவே இல்லையே. தூரமோ?"

"இல்லக்கா" என்றாள் ஞானஜோதி. "வீட்டுக்குத்தான்."

சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கத்தான் பார்த்தாள். ஆண்கள் பக்கத்தில், நாலு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்த ஜெபசீலன் திரும்பிப் பார்த்தார்.