யர்முக்கின் ஆறாம் நாள்

எண்பதுகளின் நடுவில் செம்பாக்கத்தில் ஓர் ஒற்றை அறையில் குடியிருந்தேன். வேலை பீச் ஸ்டேஷன் பக்கம். காலையில் தாம்பரம் வரை சைக்கிள், பிறகு மின்சார ரயில். அறையில் பேச ஆளில்லை; ஆபீசில் பேச நேரமில்லை என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் என்னிடம் பேச யாருக்கும் விருப்பமில்லை. நான் சட்டென்று கோபப்படுகிறவன். அதைவிட மோசம், சரித்திரம் பேசுகிறவன்.

அதிலும் ஒரே சரித்திரம். சென்ட்ரல் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் அட்டை போன ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. ஏழாம் நூற்றாண்டில் அரபுப் படைகள் பாரசீகத்தை முழுசாக விழுங்கி, கிழக்கு ரோமானியரிடமிருந்து சிரியாவைப் பிடுங்கிய கதை. இவ்வளவு சின்னப் படையால் எப்படி முடிந்தது? அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறவனுக்கு ஒரு குதிரைப்படையாவது துணைக்கு இருக்கட்டுமே.

ஒரு திங்கட்கிழமை, ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என் மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்து, “என்ன சார், ஏதாவது எக்ஸாமா?” என்றார். மாம்பலத்தில் ஏதோ கம்பெனியில் ஸ்டோர்கீப்பராம். இது போதாதா எனக்கு? ரோமானியப் பெரும்படையோடு யர்முக் ஆற்றங்கரையில் நடந்த போரை ஆரம்பித்துவிட்டேன். என் புத்தகத்தின்படி அது ஆறு நாள் சண்டை. தினம் ஒரு நாள் சொல்கிறேன் என்றேன்.

“ஒரே நாள்ல முடியாதா சார்?” என்று கேட்டார். ஆவல் என்று எடுத்துக்கொண்டேன்.

செவ்வாயன்று, பின்வாங்கி ஓடிவந்த ஆண்களைப் பெண்கள் கூடாரக் கம்புகளோடு வழிமறித்துத் திருப்பி அனுப்பியதைச் சொன்னேன். “எங்க வீட்லயும் அப்படித்தான் சார்” என்று சிரித்தார். அன்றைக்கு முழுக்க நான் ஆபீசில் யாரிடமும் எரிந்து விழவில்லை. புதனன்று அவருடைய பேப்பரின் ஓரத்திலேயே பள்ளத்தாக்குகளை வரைந்து காட்டினேன். வியாழன், அம்பு மழையில் பலர் கண்ணிழந்த நாள். அவர் கொட்டாவி விட்டார். ஐந்தாம் நாள் களத்தில் சண்டையே இல்லை. எனக்கோ மாம்பலம் வரை வாய் ஓயவில்லை.

ஆறாம் நாள்தான் உயிர். முந்தைய இரவே ஒரு குதிரைப் பிரிவு சுற்றிக்கொண்டு போய், ரோமானியர் தப்புவதற்கு இருந்த பாலத்தைப் பிடித்துவிடுகிறது. ஓடுகிறவர்களுக்கு அது தெரியாது. அந்த இடத்தை எங்கே நிறுத்திச் சொல்வது என்று கண்ணாடி முன் நின்று பழகினேன். சனிக்கிழமை பக்கத்து சீட்டில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்தேன். அவர் வரவில்லை.

அடுத்த வாரமும் இல்லை. காய்ச்சலோ என்னவோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வீடு பீர்க்கன்கரணை என்று சொன்ன ஞாபகம். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், ஏரிப் பக்கத்துத் தெருக்களையெல்லாம் சுற்றினேன். யாரென்று விசாரிப்பது? ஐந்து நாள் பேசியும் அவர் பெயரை நான் கேட்கவேயில்லை. வெட்கமாக இருந்தது. திரும்பிவிட்டேன்.

சில நாள் கழித்து, நேரமாகிவிட்டதால் ஓடிப்போய்க் கிடைத்த பெட்டியில் ஏறினேன். ஜன்னலோரம் அவர். என்னைப் பார்த்ததும் பேப்பரை உயர்த்தினார். பிறகு அவருக்கே சங்கடமாகப் போய் இறக்கினார்.

“பொட்டி மாத்திட்டேன் சார். மாம்பலத்துல இறங்க இதுதான் வசதி.”

தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். நான் புத்தகத்தைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டேன். பல்லாவரம் தாண்டியதும் அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

“ஆமா, அந்தச் சண்டைல கடைசில யார் சார் ஜெயிச்சாங்க?”

“அரபுக்காரங்க” என்றேன்.

“அப்படியா” என்று தலையாட்டிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். மாம்பலம் வர இன்னும் இருபது நிமிஷமாவது இருந்தது. ஆறாம் நாளைச் சொல்லி முடிக்க அது தாராளமாகப் போதும்.