பையில் வாங்கிய ஊக்குகள்

வியாழக்கிழமை காலை 7.12க்கு மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பினோம். புனே விமானம். பயணிகள் பகுதிக்கு நான் பொறுப்பு, என்னோடு மூன்று பணிப்பெண்கள். நேரங்கள் அன்றே டைரியில் குறித்தவை.

அனகாபுத்தூருக்கு மேலே சக்கரங்கள் உள்ளே மடங்கும் சத்தம் வழக்கமாக வரும். அன்று அதோடு இடது பக்கம் இரும்பு தேய்கிற மாதிரியும் கேட்டது.

7.21க்கு கேப்டன் இன்டர்காமில் கூப்பிட்டார். "இடது சக்கரம் பாதியில் நின்றுவிட்டது. இறக்கிப் பார்த்தோம், பூட்டிக்கொண்டதாக விளக்கு எரியவில்லை. எரிபொருள் குறையும்வரை வட்டமடித்துவிட்டு இங்கேயே இறங்குகிறோம். உங்களுக்கு நாற்பது நிமிடம்."

விதிப்படி எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னேன். சக்கரம் தாங்காவிட்டால் விமானம் சாய்ந்து தரையில் உரசும் என்பது தெரியும். பயம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

அறிவிப்பு செய்துவிட்டு வரிசை வரிசையாகப் போனோம். பேனா, சீப்பு, மூக்குக்கண்ணாடி, குதிகால் செருப்பு. தரை தட்டும் அதிர்ச்சிக்காகத் தலை குனியும்போது உடம்பில் குத்தக்கூடிய எல்லாவற்றையும் பையில் வாங்கினோம். பதினான்காம் வரிசையில் அனகாபுத்தூர் அம்மா ஒருவர், மகள் பிரசவத்துக்குப் போகிறவர். தாலிச் சரட்டில் ஒரு கொத்து ஊக்கு.

"அதைக் கழட்டிக் கொடுங்கம்மா."

"இன்னாம்மா நீ, இந்த நேரத்துல தாலில கை வெக்க சொல்றே?"

"தாலி இல்லம்மா, ஊக்கு மட்டும்."

"எல்லாம் ஒண்ணாதான் கீது." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன் கழுத்துல இன்னா? மொதல்ல நீ எடு."

காலருக்குள் என் சரட்டில் மூன்று ஊக்கு. ஊர் ஊக்கையெல்லாம் வாங்கிக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றவே இல்லை. அங்கேயே நின்று கழற்றிப் பையில் போட்டேன்.

"ம், இப்ப சரி." அவரும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். "பத்திரமா வெய்யி. அந்தப் பெருசு என்னுது."

பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தேவிட்டார்.

7.58க்கு என் இருக்கையில் பட்டையை மாட்டிக்கொண்டேன். கதவின் சிறு கண்ணாடியில் திருமுடிவாக்கம் பட்டறைகளின் தகரக் கூரைகள் பெரிதாகிக்கொண்டு வந்தன. பம்மல் வீட்டில் கணவர் இந்நேரம் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். நினைப்பு வந்தது, அதோடு வேறெதுவும் வரவில்லை.

அடுத்து நினைவிருப்பது, விமானம் ஓடுபாதையில் நேராக நின்றிருந்ததும் கண்ணாடிக்கு வெளியே தீயணைப்பு வண்டி தெரிந்ததும்தான். சக்கரம் தாங்கிவிட்டது.

அலுவலக அறையில் அறிக்கை எழுதும்போது, பயணிகளுக்குக் கட்டளை கொடுத்த நேரம் என்ற இடத்தில் கை நின்றது. விமானத்தின் பின்வாசலில் பணியில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"நான் குரல் கொடுத்தேனா?"

"என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? வண்டி நிக்கிற வரைக்கும் 'குனியுங்க, குனியுங்க'ன்னு கத்தினீங்களே. கடைசி சீட்டு வரைக்கும் கேட்டுச்சு. உங்க தொண்டையைப் பாருங்க."

தொண்டை கட்டித்தான் இருந்தது. எத்தனை மணிக்கு என்று அவளிடமே கேட்டு, 8.04 என்று எழுதினேன். பக்கத்தில், 'சக ஊழியர் சொன்னபடி' என்று சேர்த்தேன்.