மாலை போடாத படம்

யோகலிங்கம் என் அண்ணன் பாக்கியரத்தினத்தின் ஒரே மகன். அண்ணன் செத்தபிறகு அண்ணி அன்னலட்சுமி சம்பூரில் மகள் பூரணியோடு இருந்தார். இவன் திருகோணமலை டவுனில் என் வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலை செய்தான்.

திரையில் கோடும் வட்டமும் நிறமும் வரைகிற கிராபிக்ஸ் லைப்ரரி ஒன்று இருக்கிறதாம். எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்கள் அதன் நிரலுக்குத் திருத்தம் எழுதி அனுப்புவார்கள். இவன் வாசித்து, ஆகும் என்றால்தான் அது உள்ளே போகும். வரைந்து வரும் படத்தை மாதிரிப் படத்தோடு ஒப்பிடுகிற பரீட்சையும் உண்டு.

2006 ஆவணியில் ஒருநாள் அந்தப் பரீட்சைக்கு வந்த ஒரு திருத்தத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான். படம் கீறுகிறவர்களுக்கு நீ என்ன நீதவானோ என்று பகிடி பண்ணினேன்.

"மாதிரிப் படத்தைத் திறக்கவே ஏலாமப் போயிருக்கு, சித்தப்பா. ஆனா பரீட்சை 'சரி' எண்டு சொல்லுது."

"அப்ப பிழை எண்டு சொல்லவேணுமோ?"

"அதுவும் இல்லை. பாக்க ஏலேல்லை எண்டு சொல்லவேணும்."

அந்த நாட்களில்தான் சம்பூரில் பீரங்கிச் செல் விழுந்து சனம் வெருகல் ஆற்றைத் தாண்டி வாகரைப் பக்கம் ஓடியது. பாதை பூட்டு. பூரணியின் புருஷன் தவராசா அங்கிருந்து டெலிபோன் எடுத்தார். எல்லாரும் சுகம், மாமி படுத்திருக்கிறா என்றார். அடுத்தமுறை, மாமி தண்ணிக்குப் போயிட்டா என்றார். தூரத்தில் தனியே இருப்பவனுக்குக் கெட்ட சேதியை உடனே சொல்வது எங்கள் குடும்ப வழக்கமில்லை. எங்கள் ஐயா செத்தபோதும், தெற்கே காலி நகரில் வேலையிலிருந்த அண்ணனுக்கு 'வருத்தம் கடுமை, வா' என்றுதான் தந்தி அடித்தோம்.

தவராசா பிறகு எடுத்தபோது யோகலிங்கம் சுகம் விசாரிக்கவில்லை.

"அத்தான், அம்மாவைக் கடைசியா எங்க கண்டனீங்கள்?"



"ஆத்தங்கரையில, தம்பி. செல் வரேக்க கை விட்டுப்போச்சு. திரும்பிப் போய்ப் பாக்க விடேல்லை."

முகாம், ஆஸ்பத்திரி எல்லாம் தேடினோம். டவுனுக்கு வந்து சேர்ந்த பூரணி, அம்மாவின் ஆத்துமா அலைகிறது, செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையைச் செய் என்று தம்பியிடம் மன்றாடினாள். செய்யவேண்டியவன் மகன்தானே.

"செத்தவ எண்டு நான் எப்பிடியக்கா சொல்லுவன்? இருக்கிறா எண்டும் சொல்ல ஏலாது."

"அப்ப நான் எப்பதான்ரா அழுறது?"



என் விறாந்தைச் சுவரில் அண்ணனின் படத்துக்குப் பொட்டும் மாலையும் உண்டு. பக்கத்தில் அண்ணியின் படம் வெறுமனே தொங்குகிறது. வெள்ளிக்கிழமைகளில் பூரணி மாலையோடு வருவாள். தகப்பனுக்குப் போட்டுவிட்டு, தாயின் படத்தைச் சேலைத்தலைப்பால் துடைப்பாள். யோகலிங்கம் எழும்பி வெளியே போய்விடுவான்.